கேள்வி இல்லாத கட்டுரைகள்

தமிழகக் கல்லூரிகளில் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர் முதன்முதலாக எழுதும் ஆய்வுக் கட்டுரை பெரும்பாலும் ஏதாவது ஒரு கருத்தரங்கத்துக்காக எழுதப்படுவதுதான். துறைக்கு அழைப்பிதழ் வரும். பத்துப் பதினைந்து பொதுத் தலைப்புகள், பக்க வரையறை, பதிவுக் கட்டணம், கட்டுரை அனுப்பக் கடைசி நாள், கட்டுரைகள் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு நூலாக வரும் என்ற உறுதி எல்லாம் அதில் இருக்கும். பேராசிரியர் ஒரு தலைப்பைச் சொல்வார். மாணவர் நாலைந்து பக்கம் எழுதி அனுப்புவார். குறித்த நாளில் போய் வாசித்துவிட்டு, சான்றிதழையும் ஆய்வுக்கோவையையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார். ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள நம் மாணவர்களுக்கு வாய்த்திருக்கும் முதன்மையான பயிற்சிக் களம் இதுதான். ஆகவே இந்த வழக்கத்தை எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

முதலில் இதனால் விளைந்திருக்கும் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். கருத்தரங்கத்தின் வாசல் அகலமானது. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண், முதுகலை முடிப்பதற்குள் வேறொரு ஊர்க் கல்லூரியில் ஒலிவாங்கியின் முன் நின்று தன் கட்டுரையை வாசிக்கிறாள். தன் பெயரை அச்சில் பார்க்கிறாள். கட்டுரையைத் தமிழிலேயே எழுத முடிகிறது. ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்பதற்காக யாரும் அவளைத் திருப்பி அனுப்புவதில்லை. அறிவியல் துறைகளில் படிக்கும் அவளுடைய தோழிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நன்மை அதிகம் பேசப்படாதது. இந்தக் கோவைகளில் அங்கங்கே மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதிய கட்டுரைகள் கிடக்கின்றன. குலதெய்வக் கோயிலில் நடக்கும் ஒரு சடங்கு, பாட்டியிடம் கேட்டு எழுதிய ஒப்பாரி, நடவு எந்திரம் வந்தபின் யாரும் பாடாத நடவுப் பாட்டு, ஒரு கைத்தொழிலில் புழங்கும் சொற்கள். கட்டுரை என்ற அளவில் பலவீனமாக இருந்தாலும் அவற்றில் உள்ள தரவு வேறெங்கும் கிடைக்காது. பின்னால் வரும் ஆய்வாளருக்கு அது பெரிய சொத்து. பாடியவர் யார், என்ன வயது, எந்த ஊர், எப்போது கேட்டு எழுதியது என்ற தகவலாளிக் குறிப்பு மட்டும் முழுமையாக இருந்துவிட்டால் அந்தக் கட்டுரைக்கு ஆயுள் நீளம். பல கட்டுரைகளில் அந்த நான்கு வரிகள் விடுபட்டுப் போகின்றன என்பது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

குறை எங்கே தொடங்குகிறது? கட்டுரையின் தலைப்பிலேயே தொடங்குகிறது.

எந்தக் கோவையையும் புரட்டிப் பாருங்கள். ‘சங்க இலக்கியத்தில் பெண்கள்’, ‘திருக்குறளில் அறம்’, ‘சிலப்பதிகாரத்தில் இசை’ என்ற வகைத் தலைப்புகளே மிகுதி. இவையெல்லாம் இடங்களைச் சொல்கின்றன. அந்த இடத்தில் எதைத் தேடப் போகிறோம் என்பதைச் சொல்லவில்லை. ‘குறுந்தொகையில் உவமைகள்’ என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமான கட்டுரையில் எட்டுத்தொகையில் குறுந்தொகைக்குள்ள இடம், அதன் சிறப்பு, உவமைக்குத் தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம் ஆகியவற்றுக்கே ஒன்றரைப் பக்கம் போய்விடும். பிறகு விலங்கு உவமை, பறவை உவமை, தாவர உவமை என்று உட்தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பாடல்கள், அவற்றுக்குப் பொழிப்புரை. கடைசியில், சங்கப் புலவர்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்று அறிய முடிகிறது என்ற முடிவுரை. இது கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்த செய்தி. உழைப்பு இருக்கிறது, பாடல் எண்கள் சரியாக இருக்கின்றன, ஆனாலும் ஆய்வு நடக்கவில்லை.

அதே மாணவர் அதே நூலுக்குள் ஒரு கேள்வியோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குறுந்தொகைப் புலவர்கள் சிலருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் பாடிய பாட்டில் வரும் ஒரு தொடரே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. செம்புலப்பெயல்நீரார் (40), அணிலாடு முன்றிலார் (41), மீனெறி தூண்டிலார் (54), விட்டகுதிரையார் (74), ஓரேருழவனார் (131), கல்பொரு சிறுநுரையார் (290), குப்பைக்கோழியார் (305). இந்த அளவுக்கு எல்லாரும் அறிந்த பழைய செய்தி. கேள்வி இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பாட்டில் எத்தனையோ தொடர்கள் இருக்க, பெயர் வைத்தவர்கள் குறிப்பாக இந்தத் தொடரை எடுத்தது ஏன்? ஏழு பாடல்களையும் அருகருகே வைத்துப் படித்தால், ஏழிலும் பெயராக நின்றது உவமையில் வரும் தொடர் என்பது தெரியவரும். உடனே ஒரு கருதுகோள் கிடைக்கிறது: ஒரு பாட்டை அடையாளம் காட்ட அதன் உவமையே போதும் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார்கள்.

இங்கே பேனாவை மூடிவிடக் கூடாது. 47ஆம் பாட்டின் புலவர் நெடுவெண்ணிலவினார். அந்தப் பாட்டில் நிலவு உவமையாக வரவில்லை. தோழி நிலவையே விளித்துப் பேசுகிறாள். பதடி வைகலார் (323), கங்குல் வெள்ளத்தார் (387) ஆகிய இரு பெயர்களும் உருவகத்திலிருந்து வந்தவை. கருதுகோள் இடறுகிறது. அப்படியானால் அளவுகோல் உவமைதானா, அல்லது வேறெந்தப் பாட்டிலும் காணக் கிடைக்காத தொடர் என்பதா? இதைச் சோதிக்கச் சங்க இலக்கியச் சொல்லடைவைத் தேட வேண்டும். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் (284) இருக்கிறார். அவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1915இல் வந்த சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பையும் 1937இல் வந்த உ.வே. சாமிநாதையர் பதிப்பையும் எடுத்து, புலவர் பெயர்கள் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவ்வளவையும் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு மாதத்தில் செய்ய முடியும். விடை உறுதியாகக் கிடைக்காமலும் போகலாம். கிடைக்கவில்லை என்பதைக் காரணத்தோடு எழுதினாலும் அது ஆய்வுக் கட்டுரையே.

வலுவான கட்டுரைக்கும் வலுவற்ற கட்டுரைக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது என்பது என் கணிப்பு. தன் கருத்துக்கு ஒத்துவராத பாட்டை மறைக்காமல் எடுத்து முன்னால் வைக்கும் மாணவரின் கட்டுரையை நம்பிப் படிக்கலாம். கேள்வி இருந்தால் முன்னுரையில் அதைச் சொல்லலாம். முன்பு யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கேள்விக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்லலாம். முடிவுரைக்கும் ஒரு வேலை இருக்கும். கேள்வி இல்லாதபோது இந்த உறுப்புகள் எல்லாம் வெறும் தலைப்புகளாக நிற்கின்றன.

மாணவரைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. இந்த வழக்கத்தை இப்படி வளர்த்தது ஆசிரியர்களின் புள்ளிக் கணக்கு. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறை, ஆசிரியரின் கல்விப் பணிக்குப் புள்ளிகள் வகுத்தது. பன்னாட்டுக் கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசித்தால் 10 புள்ளி, தேசியக் கருத்தரங்கில் 7.5, மாநில அளவில் 5, கல்லூரி அளவில் 3. சிறிய ஊர்க் கல்லூரிகளிலும் நடப்பவையெல்லாம் பன்னாட்டுக் கருத்தரங்கங்களாக மாறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் இதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு வாசிப்பும் வேண்டும் என்று 2016 விதிமுறை சொன்னது. 2022 விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கட்டாயம் போனபின்னும் பழக்கம் நிற்கிறது. ஐ.எஸ்.பி.என். என்பது ஒரு நூலை மற்றொரு நூலிலிருந்து பிரித்தறியத் தரப்படும் 13 இலக்க எண், அவ்வளவுதான். உள்ளே இருப்பதை யாராவது படித்துப் பார்த்தார்களா என்பதை அது சொல்லாது. ஆனால் அழைப்பிதழில் அதுவே தரச் சான்றுபோல் நிற்கிறது. இதழ்களின் தரம் காக்க 2018இல் மானியக் குழு அறிவித்த கேர் என்ற இதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. எது தரமானது என்று முடிவுசெய்யும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பொறுப்பைத் துறைகள் ஏற்க வேண்டும்.

கருத்தரங்க நாளில் நடப்பதையும் பார்க்க வேண்டும். நூறு, நூற்றைம்பது கட்டுரைகள் ஒரே நாளில், நாலைந்து அறைகளில். ஆளுக்கு ஐந்து நிமிடம். முன்னுரையைத் தாண்டுவதற்குள் மணி அடிக்கிறது. அமர்வுத் தலைவர் எல்லாரையும் பாராட்டுகிறார். கேள்வி கேட்க நேரம் இல்லை. கட்டுரை ஏற்கெனவே அச்சாகி மேசைமேல் இருப்பதால், யாராவது கேட்டாலும் இனித் திருத்த வழியில்லை. கருத்தரங்கம் என்ற ஏற்பாட்டின் பயனே கேட்பவர்களின் மறுப்பில்தான் இருக்கிறது. வாசித்தவர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கட்டுரையை மாற்றி எழுத வேண்டும். அச்சிட்ட பிறகு வாசிக்கச் சொல்வதால் அந்தப் பயன் முழுதும் போய்விடுகிறது. இந்த வழக்கத்தின் மிகப் பெரிய குறை இது.

கட்டுரையின் நேர்மையைப் பற்றியும் பேச வேண்டும். கருத்துத் திருட்டைத் தடுக்க மானியக் குழு 2018இல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை; 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். நல்ல நோக்கம்தான். ஆனால் மென்பொருள் எழுத்துகளைத்தான் ஒப்பிடுகிறது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ் நூல்களும் கட்டுரைகளும் யூனிகோடில் இல்லாததால் அதன் கண்ணில் படுவதில்லை. சொற்களை மாற்றிப்போட்டுக் கருத்தை எடுத்துக்கொண்டாலும் அது பிடிக்காது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் நிலைமை இன்னும் மோசம். இல்லாத நூலுக்குப் பதிப்பகமும் பக்க எண்ணும் சேர்த்து அவை துணைநூற்பட்டியல் தயாரித்துத் தந்துவிடுகின்றன. கடன் சொல்லும் நேர்மையை மாணவர் கற்க உ.வே.சா.வின் பதிப்பு முன்னுரைகளைப் படிக்கச் சொல்லலாம். எந்தச் சுவடி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்று அவர் பெயர் பெயராக எழுதியிருக்கிறார். நூல் கிடைக்கவில்லை என்ற பழைய சாக்கும் இன்று செல்லாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் கைப்பேசியிலேயே திறக்கலாம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. சென்னைக்கு வர முடிந்தவர்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

மாற்று வழிக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் நா. வானமாமலை நடத்திய நெல்லை ஆய்வுக் குழு நம் கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டு. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வாழ்ந்த அவர், ஆர்வமுள்ளவர்களைக் கூட்டிக் கட்டுரை வாசிக்கவும் விவாதிக்கவும் வைத்தார். 1969இல் அவர் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் அந்த விவாதங்களுக்கு அச்சில் இடம் தந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அந்தக் குழுவில் உருவானவர்கள். அங்கே புள்ளி இல்லை, சான்றிதழ் இல்லை. அதன் வாசலும் அகலமாகவே இருந்தது; உள்ளே வந்தவர் பிறர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதே இன்றைய கருத்தரங்கத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறது.

ஆகவே கருத்தரங்குகளை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால் முதலில் வெளியே நிற்கப்போவது அந்த முதல் தலைமுறை மாணவிதான். துறைத் தலைவர்களிடம் கேட்பது மூன்று. ஒரு நாளைக்கு இருபது கட்டுரைக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிட வாசிப்பும் அதே அளவு கேள்வி நேரமும் கொடுங்கள். நூலை அன்றே வெளியிடாமல், திருத்தி எழுத இரண்டு மாத அவகாசம் தந்து அதன்பின் அச்சிடுங்கள். இதற்குப் பணம் கூடுதலாகத் தேவைப்படாது.

மாணவர்களுக்கு ஒரு சொல். அடுத்த அழைப்பிதழ் வரும்போது, தலைப்பை அனுப்பும் முன் அதைக் கேள்விக்குறியில் முடியும் ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத வந்தால், முதல் வரைவை உங்களோடு உடன்படாத ஒரு நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் மூலநூலைப் படியுங்கள். கடைசி நாள் தவறினாலும் கவலை வேண்டாம், அடுத்த மாதம் இன்னொரு கருத்தரங்கம் இருக்கும்.