கட்டுமரமும் கேட்டமரானும்: என் பழைய பதிவுக்கு ஒரு மறுப்பு

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே பிளாக்கில் "உலகின் வேகமான பந்தயப் படகைக் கண்டுபிடித்தது தமிழன்" என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பகிரப்பட்டது அதுதான். திருச்செங்கோடு பக்கத்திலிருந்து ஒரு பள்ளி மாணவி, அதை வைத்துப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கினேன் என்று நன்றி சொல்லி மெயில் அனுப்பியிருந்தார். இப்போது அந்தப் பதிவைத் திரும்பப் படித்தால் பாதிக்கு மேல் தப்பு. மற்றவர்கள் எழுதியதை எல்லாம் இங்கே விமர்சனம் செய்கிறவன், என்னுடையதை மட்டும் விட்டுவிட்டால் நியாயமில்லை.

தப்பு தெரிய வந்தது பட்டினப்பாக்கம் கடற்கரையில். வயதான மீனவர் ஒருவரிடம் பந்தயக் கேட்டமரான் படம் ஒன்றை போனில் காட்டி, "இது உங்க கட்டுமரம்தாங்க ஐயா" என்றேன், பெருமையாக. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ரெண்டு போட்டு தம்பி. நடுவுல பாலம் மாதிரி போட்டு சேத்துருக்கான். நம்ம மரத்துல இதுமாதிரி இடைவெளி ஏது?" என்றார். அவ்வளவுதான். ஒரே கேள்வியில் 1,500 வார்த்தைப் பதிவு காலி.

பதிவில் நான் செய்தது என்ன? சொல் நம்முடையது, ஆகவே பொருளும் நம்முடையது என்று ஒரே தாவாகத் தாவியிருந்தேன். சொல் நம்முடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் கட்டு, மரம் என்று பிரித்தே விளக்குகிறது. ஆனால் அவர்கள் சொன்னது மரத்துண்டுகளைக் கட்டிய மிதவையை. இரட்டை உடல் படகை இல்லை.

இரட்டை உடலின் வம்சாவளி வேறு. பசிபிக் தீவுகளின் பாலினேசியர்கள் இரண்டு ஓடங்களை இணைத்துப் பெருங்கடல் தாண்டியவர்கள். அமெரிக்காவின் நத்தானியல் ஹெர்ரஷாஃப் 1876இல் 'அமாரிலிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் பெரிய படகுகளையெல்லாம் முந்தினார். தோற்றவர்கள் புகார் கொடுத்தார்கள். அந்த மாதிரிப் படகுக்குத்தான் 'கேட்டமரான்' என்ற பெயர் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு 1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர், மணலிலிருந்தே தள்ளிவிடக்கூடிய சின்ன கேட்டமரான்களைக் கொண்டுவந்தார். சாதாரண ஆட்களும் சொந்தமாக வாங்கி, கார் பின்னால் கட்டி இழுத்துப்போய், வார இறுதியில் ரேஸ் விடலாம் என்று ஆனது அப்படித்தான்.

வேகத்துக்கான காரணத்தையும் நான் சரியாகச் சொல்லவில்லை. சாதாரணப் படகு தான் எழுப்பும் அலையிலேயே மாட்டிக்கொள்ளும். நீர்மட்ட நீளத்தின் (அடியில்) வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். 16 அடிப் படகுக்கு ஏறக்குறைய 5.4 நாட், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். நம் ஊர் சைக்கிள் வேகம். கேட்டமரானின் உடல்கள் ஒல்லியாக இருப்பதால் பெரிய அலை எழுப்புவதில்லை, அதனால் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். இரண்டும் தள்ளித்தள்ளி இருப்பதால் பெரிய பாய் கட்டினாலும் சட்டென்று கவிழாது. கட்டுமரத்தில் இந்த இரண்டுமே கிடையாது.

"கட்டுமரத்தில்தான் சோழர் படை கடாரம் போனது" என்றும் எழுதியிருந்தேன். அதற்கு நான் எந்த ஆதாரமும் காட்டவில்லை, காட்டவும் முடியாது. அலை மேலேறிப் போகும் மிதவையில் மீன் பிடிக்கலாம். படையையும் அரிசி மூட்டையையும் ஏற்றி வங்கக்கடலைத் தாண்டினார்கள் என்றால், தர்க்கமே இடிக்கிறது.

அப்படியென்றால் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்குதுங்க. நான் பார்க்கத் தவறியது அதுதான்.

ஹோபி 16இன் அகலம் 7 அடி 11 அங்குலம், எடை ஏறக்குறைய 145 கிலோ. பந்தயத்துக்கு இன்னும் அகலமாக இருந்தால் நல்லது. ஒலிம்பிக்கில் 1976 முதல் 2008 வரை ஓடிய டொர்னாடோ கேட்டமரானுக்கு 10 அடி. ஆனால் அதை அப்படியே ரோட்டில் இழுக்க முடியாது, சாய்த்தோ பிரித்தோதான் ஏற்ற வேண்டும். எட்டு அடிக்குள் இருந்தால் டிரெய்லரில் நேராக வைத்து இழுத்துவிடலாம். லாரி பாடி கட்டும் நாமக்கல்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் சட்டத்திலும் வண்டி அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. கடலில் ஓடும் படகுக்கும் அளவு எடுப்பது ரோடுதான்.

கட்டுமரத்தின் கெட்டிக்காரத்தனமும் கரையில்தான் இருக்கிறது. துறைமுகம் இல்லாத, அலை அடித்து நொறுக்கும் கரை. நடுவில் அடைக்க உள்ளறை எதுவும் கிடையாது, வந்த தண்ணீர் கட்டைகளுக்கு இடையிலேயே வடிந்துவிடும், அதனால் மூழ்காது. திரும்பி வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகத் தூக்கிப்போய் மணலில் காய வைப்பார்கள். ஊறினால் எடை கூடிவிடும். இரண்டு மூன்று பேர் தோளில் சுமக்கக்கூடிய படகு, சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய படகு. நான் 'மரம்' எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். விஷயம் 'கட்டு' என்ற பகுதியில், அவிழ்க்க முடிகிற கட்டில் இருந்தது. ஹோபி ஆல்டர் கட்டுமரத்தைப் பார்த்துக் காப்பி அடித்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே மாதிரிச் சிக்கலுக்கு இரண்டு கரைகளில் இரண்டு விடை.

பழம்பெருமையில் இன்னொன்றும் மறைந்துபோனது. பாய்ப்படகுப் பந்தயத்தில் இன்றைக்குத் தமிழ்நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக்கின் இந்தப் பிரிவுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். கணபதி, வருண் தக்கர் ஜோடி 2018 ஆசிய விளையாட்டில் 49இஆர் வகைப் படகில் வெண்கலம் வாங்கியது. என் பதிவில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய, நடக்காத வெற்றிக்கு நாலு பத்தி.

கடல் இல்லாத ஊர்க்காரனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். ஹைதராபாத்திலும் கடல் இல்லை. ஹுசைன் சாகர் ஏரியில் தேசியப் பந்தயமே நடக்கிறது. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் நீர்த்தேக்கம் சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கே நான் பார்த்தது பரிசல் மட்டும்தான். டிரெய்லரில் ஏறும் படகு என்பதன் அர்த்தமே, தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே போகலாம் என்பதுதானே.

பழைய பதிவை அழிக்கவில்லை. தலைப்பின் மேல் 'தவறு' என்று போட்டு இதற்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன். அந்த மாணவிக்கும் நேற்று எழுதிவிட்டேன்: பரிசு உன் பேச்சுக்குக் கிடைத்தது, அது உன்னுடையதுதான் பாப்பா. தகவல் மட்டும் என்னுடையது, அது தப்பு. இன்னும் பதில் வரவில்லை.