டைல்ஸுக்குப் பின்னால்

வீட்டு பட்ஜெட்டைக் காலி பண்ணுவதில் ஹாலைவிடச் சாமர்த்தியமானது பாத்ரூம். ஐந்துக்கு ஏழு அடிதான். ஆனால், டைல்ஸ் ஷோரூமில் அந்த மாதிரி பாத்ரூமைப் பார்த்ததும் மனசு வழுக்கி விழுந்துவிடுகிறது. தரையிலிருந்து கூரை வரை பளபளவென்று கறுப்பு. ‘இப்ப எல்லாரும் இதான் சார் போடறாங்க!’

அந்த மாதிரி பாத்ரூமில் யாரும் குளிப்பதில்லை. நம் வீட்டில் குளிப்போம். போர் தண்ணீரின் உப்பு, கறுப்பில் வெள்ளைத் தேமலாகப் படரும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் இடுக்கில் உள்ள சிமென்ட் அரிக்கும்.

ஒரு கணக்கு. உயரம் 10 அடி என்றால், நாலு சுவருக்கும் கூரை வரை ஒட்ட, கதவு போக சுமார் 220 சதுர அடி. ஷவர் பக்கத்து 5 அடிச் சுவர், அதன் இரு பக்கமும் மும்மூன்று அடி... இங்கே மட்டும் 7 அடி உயரம், மற்ற இடத்தில் 4 அடி என்று நிறுத்தினால் 120-க்குள் முடிந்துவிடும். மேலே சிமென்ட் பூச்சும் ஈரம் தாங்கும் பெயின்ட்டும் போதும்.

சுவருக்கு வெளிர் நிற செராமிக்கே போதும். ‘அது தண்ணி குடிக்கும் சார், விட்ரிஃபைடு போடுங்க’ என்பார்கள். நிஜம்தான். சுவர் செராமிக் பொதுவாகத் தன் எடையில் 10 சதவிகிதத்துக்கு மேல் உறிஞ்சும். விட்ரிஃபைடு அரை சதவிகிதம்கூட உறிஞ்சாது. ஆனால், செராமிக்கின் முகத்தில் கண்ணாடிப் பூச்சு இருக்கிறதே! தவிர, உறிஞ்சாத விட்ரிஃபைடு வெறும் சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காது. தனிப் பசை வேண்டும். அதுவும் செலவு.

தண்ணீர் உள்ளே போவது இடுக்கு வழியாக. அங்கேதான் நாம் கஞ்சத்தனம் பண்ணுகிறோம். ஒட்டுவதற்கு முன் ஷவர் சுவரில் வாட்டர்புரூஃபிங் பூசினார்களா? டைல்ஸின் முதுகு முழுக்கக் கலவை தடவினார்களா, நாலு மூலையில் உருண்டை வைத்து அப்பினார்களா? விரலால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்றால் பின்னால் காலி.

மிச்சமாகும் 100 சதுர அடிக் காசில் ஒரு பகுதியை இதில் போடுங்கள். வருகிற விருந்தாளி பாராட்ட மாட்டார். ஆனால், ‘உங்க பாத்ரூம் ஒழுகுது’ என்று கீழ்வீட்டுக்காரர் படியேறி வர மாட்டார்.