ஆணி அடிக்கக் கூடாத சுவர்

போடிநாயக்கனூரில் நிறத்துக்கு விலை உண்டு. உவமைக்காகச் சொல்லவில்லை. ஏலக்காய் ஏலத்தில் வியாபாரி மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு இரண்டு விஷயங்களைத்தான் முதலில் பார்ப்பார்: காயின் பருமன், காயின் பச்சை. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காயாக இருந்தாலும் வெளுத்துப்போயிருந்தால் விலை இறங்கிவிடும். அந்தப் பச்சை தானாக நிற்பதில்லை. பறித்த காயை வெயிலில் போட்டால் வெளிறிவிடும். அதனால் மூடிய ஸ்டோருக்குள், சூட்டுக் குழாய் ஓடும் அறையில், 45 முதல் 55 டிகிரி வெப்பத்தில் மெதுவாக உலர்த்துகிறார்கள். அதற்கு முன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைக்கிறவர்களும் உண்டு. ஒரு நிறம் ஓடிப்போகாமல் இருக்க இவ்வளவு பாடு.

அந்தப் பச்சையை விற்ற காசில் கட்டும் வீட்டுக்குள் மட்டும் நிறமே வேண்டாம் என்கிறார்கள்.

நான் இன்டீரியர் டிசைனர். போடி, தேனி, கம்பம், மலைக்கு மேலே பூப்பாறை வரைக்கும் வீடுகள் செய்கிறேன். இப்போது என்னிடம் வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் போனில் காட்டுகிறார்கள். பீஜ் சுவர், சாம்பல் சோபா, ஒரு மூலையில் பிளாஸ்டிக் பனை. "மேடம், ஸ்டார் ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கணும். கண்ண உறுத்தக் கூடாது, அவ்ளோதான்." இந்த வாக்கியத்தை நிறையத் தடவை கேட்டுவிட்டேன். ஹோட்டல் அறை எதற்காக அப்படி இருக்கிறது? நேற்றுத் தங்கியவரின் தடம் இன்று வருகிறவருக்குத் தெரியக் கூடாது. யாருடையதாகவும் இல்லாமல் இருப்பதுதான் அதன் வேலை. முப்பது வருஷ உழைப்பில் கட்டிய சொந்த வீட்டை யாருடையதாகவும் இல்லாத மாதிரி ஆக்கித்தரச் சொல்வதை வெறும் ரசனை மாற்றம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

*

நம் பக்கத்தில் சுவரில் நிறம் வைத்து வாழ்ந்த பழைய வீடு எது என்று கேட்டால் அரண்மனையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. போடி ஜமீன் அரண்மனையின் லட்சுமி விலாசத்தில் ராமாயணச் சுவரோவியங்கள் இருக்கின்றன. இன்னும் விரிவாகப் பார்க்க ராமநாதபுரத்துக்குப் போக வேண்டும். அங்கே ராமலிங்க விலாசத்தின் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிய ஓவியங்கள் கீழிருந்து மேல்வரை நிறைந்திருக்கின்றன. ராஜராஜேஸ்வரி சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள். தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது. ஐரோப்பியர்கள் அரசரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். மாடியில் அரசரின் அந்தரங்க அறைக்குப் போனால் காதல் காட்சிகள்.

ஒரு டிசைனராக இந்தக் கட்டடத்தில் எனக்குப் படுவது இதுதான்: எந்த ஓவியமும் அறையை 'அழகுபடுத்த' வரவில்லை. அது அந்த அறையின் வேலையைச் செய்கிறது. கீழ் மண்டபத்தில் நிற்கிறவனுக்கு, இந்த நிலம் யாருடையது, யார் கொடுத்தது, எதிர்த்தவன் என்ன ஆனான் என்பதைச் சுவரே சொல்லிவிடுகிறது. கிட்டத்தட்ட பட்டா மாதிரி. மாடி அறையில் அந்தப் பேச்சு இல்லை, ஏனென்றால் அது அரசர் தூங்குகிற இடம். சட்டமும் ஆணியும் கிடையாது. படத்தைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. போக வேண்டிய தேவை தனக்கு வராது என்று நம்புகிறவன்தான் சுவரிலேயே வரையச் சொல்வான்.

இந்த ஓவியங்களை 'நம் பாரம்பரிய இன்டீரியர்' என்று கொண்டாடி எழுதும்போது ஒன்று விட்டுப்போகிறது. இது நம்முடையதாக இருக்கவில்லை. அரண்மனைக்கு வெளியே இருந்தவர்களுக்குச் சுவர் என்றால் சாணியும் செம்மண்ணும் சுண்ணாம்பும். வாசலில் போட்ட கோலம் மறுநாள் காலையில் இருக்காது. நிலைத்து நிற்கும் படம் சாதாரண வீட்டுக்குள் வர அச்சு இயந்திரம் வேண்டியிருந்தது.

ரவிவர்மா 1894இல் பம்பாயில் ஓவிய அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் வீடு வீடாக வந்தார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையைக் கோவில்பட்டியிலிருந்து செய்தவர் கொண்டையராஜு (1898-1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி காலண்டர்களாகப் பலசரக்குக் கடை, சலூன், சமையலறை என்று போகாத இடமில்லை. நவீன ஓவிய விமர்சனம் இந்தப் படங்களைப் பெரும்பாலும் மூக்கைச் சுளித்தே பார்த்தது. கன்னத்தில் ரோஸ் அதிகம், நகை அதிகம், பின்னணியில் தேவையில்லாத அருவி. எல்லாம் சரி. ஆனால் சுவர் நிலையில்லாதவர்களுக்குப் பொருத்தமான முதல் ஓவியம் அதுதான். ஒரு ஆணி போதும். வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டு போகலாம். அதில் நாடகத் திரையின் குணம் இருப்பதும் தற்செயல் இல்லை. எங்கே விரித்தாலும் அந்த இடத்தை வேறொரு இடமாக்குவதுதான் திரைச்சீலையின் வேலை.

*

பீஜ் நிறத்துக்கு வருவோம். 'அலங்காரம் இல்லாததே நாகரிகம்' என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் 1910இல் அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். அவருடைய வாதத்தில் உடம்பில் பச்சை குத்திக்கொள்ளும் பப்புவா மனிதன் நாகரிகத்தின் கீழ்ப்படியில் நிற்கிறான். அலங்காரத்தை உதறிய ஐரோப்பியன் மேல்படியில். தேவையில்லாத அலங்காரத்தில் தொழிலாளியின் உழைப்பு வீணாகிறது என்று அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தோடு இந்த ஏணியும் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்று ஒருவர் "அந்த ரோஸ் கலர் வீடா? பட்டிக்காட்டுத்தனமா இருக்கு" என்று சொல்லும்போது அவருக்கு லூஸைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏணி மட்டும் கைக்கு வந்துவிட்டது.

சரி, அந்த ரோஸ் கலர் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

போடி, மலையின் மழை மறைவுப் பக்கம். வருஷத்தில் பாதி நாள் வெளிச்சம் வெட்டுகிற மாதிரி இறங்கும். இங்கே வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்ததில் அர்த்தம் இருந்தது, அது சூட்டைத் திருப்பி அனுப்பியது. போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேறு வானம். ஆனியிலும் ஆடியிலும் மூடுபனி, மழை, ஈரம். அங்கே வெள்ளைச் சுவர் இரண்டு மழைக்காலத்தில் கரும்பூஞ்சை பிடித்துவிடும். அது மட்டும் இல்லை, மூடுபனிக்குள் வெள்ளையும் சாம்பலும் பீஜும் காணாமல் போய்விடும். அந்த ஏலத்தோட்டச் சரிவுகளில் கிளிப்பச்சை, கத்தரிப்பூ, அடர்ரோஸ் என்று அடித்த வீடுகளை ஒரு ஜூலை மாதம் பார்க்க வேண்டும். பனிக்குள் அந்த ரோஸ் மங்கி, இதமாக, 'இங்கே ஆள் இருக்கிறோம்' என்று சொல்கிற அளவுக்கு மட்டும் இருக்கும். ஜனவரி வெயிலில் எடுத்த போட்டோவை வைத்து அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்பது, குளிருக்குப் போட்ட கம்பளியைச் சித்திரையில் பார்த்துச் சிரிப்பது மாதிரி.

நிறம் டப்பாவில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான். இருந்தும் மும்பையில் அச்சடித்த ஒரே ஷேடு கார்டைப் போடிக்கும் பூப்பாறைக்கும் விரிக்கிறோம்.

ஓவியத்துக்கும் இது பொருந்தும். தஞ்சாவூர் ஓவியம் வாங்கி ஹாலில் மாட்டி, மேலே எல்ஈடி ஸ்பாட்லைட் போடச் சொல்கிறார்கள். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடு எழுப்பி, தங்க இலை ஒட்டிச் செய்த படம் அது. பூஜை அறையின் அரையிருட்டில் விளக்குச்சுடர் அசையும்போது அந்த மேடுகள் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தனிஸாகி 1933இல் நிழலைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் ஜப்பானிய அரக்குப் பாத்திரத்தின் பொன்வேலைக்கு இதையேதான் சொல்கிறார்: அது இருட்டில் பார்க்கச் செய்யப்பட்டது. ஸ்பாட்லைட்டுக்குக் கீழே அதே தங்கம் ஜிகினா ஆகிவிடுகிறது. படத்தின் மேல் குற்றம் இல்லை. படத்துக்கு உரிய இருட்டை நாம் கொடுக்கவில்லை.

*

இதுவரை பேசியதெல்லாம் சுவர் உள்ளவர்களைப் பற்றி. போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறிக் காய் எடுக்கப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். தோட்டத்திலேயே லயத்தில் தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். லயத்துச் சுவர் தோட்டத்துக்காரருடையது. வெளியே என்ன நிறம் என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். வேலை போனால் வீடும் போகும். அந்த அறைகளுக்குள் நான் பார்த்த சுவர்களில் நான்கைந்து வருஷத்துக் காலண்டர்கள் தேதிக் கட்டைக் கிழித்துவிட்டுப் படம் மட்டும் ஒட்டியிருந்தன. முருகன், ஒரு நடிகர், வேளாங்கண்ணி மாதா, இறந்துபோன பையனின் போட்டோ. போட்டோ மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் உயரத்தில். "இத மட்டும் ஆணி அடிச்சு மாட்டிருக்கேன் தாயி. மத்ததெல்லாம் பசைதான்" என்றார் ஒரு அம்மா.

வறுமையை அழகாக்குகிறாய் என்று இதற்குப் பதில் வரலாம். நியாயமான கேள்விதான். அந்த அம்மாவுக்குக் காசு இருந்தால் அவரும் பீஜ் அடிப்பாராக இருக்கும். அது அவர் உரிமை. நான் பேசுவது அந்தச் சுவரின் அழகைப் பற்றி அல்ல, அதிலிருந்த தீர்மானத்தைப் பற்றி. எதற்குப் பசை, எதற்கு ஆணி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வேலை செய்த பல லட்ச ரூபாய் ஹால்களில் அந்தத் தெளிவு இல்லை. அங்கே படம் சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக, நான்கடிக்கு மூன்றடி என்று அளவு சொல்லி வாங்கப்படுகிறது. அதில் என்ன இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் வீட்டுக்காரருக்கு ஞாபகம் இருக்காது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை அறையில் இருப்பீர்கள். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் ஓனர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார்: "ஆணி அடிக்கக் கூடாது தம்பி." நம் காலத்தின் ரசனையைத் தீர்மானிப்பதில் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அடுத்த வாடகைக்காரருக்காக வெள்ளையாகவே இருக்கும் சுவரில் பத்து வருஷம் வாழ்ந்து பழகியவர்கள், பிறகு சொந்த வீடு கட்டும்போதும் யாரோ ஒரு ஓனருக்குப் பயந்தே நிறம் தேர்ந்தெடுக்கிறார்கள். விற்கும்போது விலை குறையுமோ, பார்க்கிறவர் என்ன சொல்வாரோ. சொந்த வீட்டிலும் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள்.

அதனால் இப்போது வேலை ஆரம்பிக்கும் முன் ஷேடு கார்டை எடுப்பதில்லை. பழைய வீட்டிலிருந்து எந்தப் படத்தைக் கட்டாயம் கொண்டுவருவீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் கணவன் ஒன்று சொல்வார், மனைவி வேறொன்று சொல்வார், பாட்டி இரண்டையும் மறுப்பார். அந்தச் சண்டை முடிகிறவரை காத்திருப்பேன். படம் முடிவானால் சுவர் முடிவாகும். சுவர் முடிவானால் அதன் மேல் எந்த நேரத்து வெளிச்சம் விழுகிறது என்று பார்க்கலாம். நிறம் கடைசியில்தான் வரும். அப்போதும் சிலர் பீஜ்தான் கேட்கிறார்கள். ஆனால் எதற்குப் பின்னால் பீஜ் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.