கூத்தப்பிரான் திருவுருவமும் உலகோர் காட்சியும்

தில்லைக் கூத்தப்பிரானது செப்புத் திருமேனியை இஞ்ஞான்று உலகில் அறியாதார் சிலரே. எனினும், அறிந்தாருள் பெரும்பாலார் அதனைக் கோயிலிற் சென்று கண்டவரல்லர். நூலட்டையிலும் பத்திரிகைப் படத்திலும் இணையத்துக் காட்சிகளிலும் கண்டவராவர். ஒரு கலைப்பொருள் படத்தின் வழியே பரவுங்கால், அதனோடு ஓர் உரையும் உடன் பரவும். காண்பார் கண் உருவத்தில் நிற்பினும், கருத்து அவ்வுரையிலேயே நிற்கும். ஆதலின் அவ்வுரை யாதென்பது ஆராயத்தக்கது.

ஆனந்தக் குமாரசுவாமி அவர்கள் சிவபெருமான் திருநடனம் பற்றிய தம் கட்டுரையை முதற்கண் வெளியிட்டது, 1912ஆம் ஆண்டு, சித்தாந்த தீபிகை என்னும் சைவ மாதவெளியீட்டிலேயாம். 1918இல் அது நியூயார்க்கு நகரில் வெளிவந்த நூலிற் சேர்ந்தது. உண்மை விளக்கத்தை ஆதாரமாகக் கொண்ட அக்கட்டுரை, துடியிற் படைப்பும், அமைத்த கரத்திற் காப்பும், அங்கியில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளுமாக ஐந்தொழிலையும் எடுத்துரைத்தது. பிரெஞ்சுச் சிற்பியாகிய ரோதன், சென்னை அருங்காட்சியகத் திருமேனிகளின் நிழற்படங்களை மட்டும் கண்டு 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அது 1921இல் அச்சேறிற்று. சமயநூற் பயிற்சி சிறிதுமின்றியும் அவர் உறுப்புறுப்பாக உற்றுநோக்கினார். நிழற்படத்திற் காண்பது காட்சியே ஆகாதென்பார்க்கு அது தக்க விடையாம்.

பின்னர் நிகழ்ந்தது வேறு. பிரிட்சாஃப் காப்ரா 1975இல் வெளியிட்ட ‘இயற்பியலின் தாவோ’ என்னும் நூல், அணுத்துகள்கள் இடையறாது தோன்றி ஒடுங்குதலை இத்திருக்கூத்தோடு ஒப்பிட்டது. அவர் அபயக் கரத்தையும் எடுத்த பொற்பாதத்தையும் கூறாது விட்டாரல்லர். அவர் கூறியதைச் சுருக்கி மக்களிடைப் பரப்பியோரே விட்டனர். ஐந்தனுள் இரண்டு எஞ்சின: ஆக்கமும் அழிவும். இந்திய அரசு அளித்த 2 மீட்டர் உயரமுள்ள திருவுருவம் 2004 ஜூன் 18ஆம் நாள் ஜெனீவா நகரையடுத்த செர்ன் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் திறந்துவைக்கப்பட்டபின், இரண்டும் ஒன்றாய்த் தேய்ந்தன. ‘அழிவுக் கடவுள்’ என்ற பெயர் ஒன்றே பலர் வாயிற் பயில்வதாயிற்று.

இதன் பயனை 2016 ஆகஸ்டு மாதத்திற் காணலாயிற்று. அவ்வுருவத்தின் முன்னர் இரவில் கரிய அங்கியர் சிலர் ஒரு பெண்ணைப் பலியிடுவதுபோல் நடித்த காட்சி இணையத்திற் பரவியது. அது பொய்ந் நடிப்பே. நிலையத்தாரும் உண்மையன்றென மறுத்து உசாவல் தொடங்கினர். ஆயினும், உலகை அழிக்க விஞ்ஞானிகள் அழிவுத் தெய்வத்தை வழிபடுகின்றனர் என்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. விளையாட்டாகச் செய்தோரைக் குறைகூறி என் பயன்? பல்லாண்டு இட்ட வித்து முளைத்தது.

சங்காரமாவது, பிறந்திறந்து எய்த்த உயிர்களுக்கு இளைப்பாற்றலென்பது சித்தாந்தம். அதனைப் பலிக்களமாகக் கண்டார்க்கு நூலறிவில்லை என்று விடலாம்; கண்ணிருந்தும் காணாமையை என்னென்பது! சோழர்காலக் கம்மியன் திருமுகத்தில் அமைத்தது அமைதி. முன் வலக்கரத்தில் அமைத்தது அஞ்சலென்னும் குறிப்பு. தீயகலைத் தோளுக்கு அப்பால் ஒதுக்கி, காண்பார் பார்வை முற்றும் வேறிடம் செல்லுமாறு அவன் வகுத்தான். முன் இடக்கரம் மார்பின் குறுக்கே வீசித் தூக்கிய திருவடியைச் சுட்டுகின்றது. திருவைந்தெழுத்தில் அருளைக் குறிக்கும் வகரம் அவ்வீசு கரத்திற்கே உரியது. பத்திரிகைப் படங்களின் கீழ் எழுதுவார் துடியைச் சொல்லுவர், தீயைச் சொல்லுவர், திருவாசியைச் சொல்லுவர். அக்கரத்தைச் சொல்லுவார் அரியர்.