ஒப்புமையும் ஒருமையும்: கறங்கற் சங்கிலி பற்றிய ஒரு கருதுகோளின் மதிப்பீடு

ஒரு பொருள் மற்றொன்றைப் போன்றது என்று கூறுவதற்கும், இதுவே அது என்று கூறுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து காட்டுவது விமரிசனத்தின் தலையாய கடமையாகும். இக்கடமை கலைப்பீடத்தாருக்கு மாத்திரம் உரியதன்று. அண்மைக்காலப் பௌதிகவியலில் எழுந்த ஒரு கருதுகோளின் வரலாறு இதனை நன்கு புலப்படுத்துகின்றது.

காந்தத்தன்மையுடைய அணுக்கள் ஒரே வரிசையில் நின்று, ஒவ்வொன்றும் தன் அயலவற்றுடன் மாத்திரம் ஊடாடும் அமைப்பே ஹைசன்பேர்க் கறங்கற் சங்கிலி எனப்படும். 1931ஆம் ஆண்டில் ஹான்ஸ் பேத்தே இதற்குச் செம்மையான தீர்வு கண்டார். இவ்வாறு தீர்வுக்கு இடமளிக்கும் அமைப்புக்களிலே சத்தியோடு நில்லாது வேறு பல கணியங்களும் மாறாது காக்கப்படுகின்றன. அதனால் சங்கிலி தன் தொடக்கநிலையை எளிதில் மறப்பதில்லை; வெப்பம் அதனுள் தடையின்றி விரைகின்றது. காந்தத்தன்மையோ அவ்வாறு செல்வதில்லை. காலம் 64 மடங்காகுமிடத்து, தடையற்ற ஓட்டத்தில் தூரமும் 64 மடங்காகும். நீரில் மை பரவுவது போன்ற பரவலில் அது 8 மடங்காகும். வெப்பநிலை மிக உயர்ந்த இச்சங்கிலியிலே காந்தத்தன்மை பரவும் தூரம் 16 மடங்காகின்றது. லியூபோட்டினா, ஸ்னிடாரிச், புரோசன் ஆகிய மூவர் 2017இல் கணினி ஆய்வின் வாயிலாக இவ்விடைப்பட்ட வேகத்தைக் காட்டினர்.

1986இல் கார்டர், பாரிசி, ஷாங் ஆகியோர் கரடுமுரடாக வளரும் மேற்பரப்புக்களுக்கென வகுத்த சமன்பாட்டிலும் இதே விகிதம் உண்டு. விகிதம் மட்டுமன்றி, பரவலின் வடிவமும் பொருந்துவதை அம்மூவரே 2019இல் எடுத்துக்காட்டினர். 2021இல் பொற்றாசியம் செப்புப் புளோரைட்டுப் பளிங்கில் நடத்திய நியூத்திரன் சிதறல் ஆய்வும், 2022இல் குளிரூட்டிய ரூபிடியம் அணுக்களில் நடத்திய ஆய்வும் இவ்வொப்புமைக்கு வலுவூட்டின. கறங்கற் சங்கிலியும் வளரும் மேற்பரப்பும் ஒரே வகுப்பின என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

எனினும், இக்கருத்துக்கு எதிரான தடை சங்கிலியின் அமைப்பிலேயே இருந்தது. நிகரக் காந்தத்தன்மை இல்லாத சங்கிலியில் மேல்நோக்கிய கறங்கலும் கீழ்நோக்கிய கறங்கலும் சமதகுதியுடையன. ஆதலால் அதன் ஏற்றவிறக்கங்கள் சமச்சீருடையனவாதல் வேண்டும். வளரும் மேற்பரப்பின் ஏற்றவிறக்கங்களோ ஒரு பக்கம் சாய்ந்தவை. 2024இல் கூகிள் ஆய்வாளர் 46 மீகடத்திக் கியூபிட்டுக்களைக் கொண்ட கருவியினால் இதனைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். சராசரியும் பரம்பலின் அகலமும் பழைய கருதுகோளோடு பொருந்தின. பரம்பலின் சாய்வையும் கூர்மையையும் அளந்தபோது பொருத்தம் குலைந்தது.

இதனால் முன்னைய ஆய்வாளரின் உழைப்பு வீணாயிற்று எனல் தகாது. அவர்கள் கண்ட விகிதம் இன்றும் நிலைபெறுகின்றது. அவர்களது ஒப்பீடு இல்லாதிருப்பின் அடுத்த வினாவே எழுந்திராது. குறை, ஒப்புமைக்கு இடப்பட்ட பெயரிலேயே உள்ளது. பெயர் நிலைத்தபின், பொருந்தும் அளவைகளே பெரிதும் நாடப்பட்டன. பொருந்தாதவை நெடிது காத்திருந்தன.

ஒப்பியல் ஆய்வில் ஈடுபடுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். யாப்பும் பாடுபொருளும் ஒத்திருத்தல் கண்டு இரு படைப்புக்களை ஒரே மரபின என முத்திரையிடுதல் எளிது. அவை வேறுபடக்கூடிய இடத்தைத் தாமே தேடிச் சென்று சோதித்த பின்னரும் எஞ்சும் ஒற்றுமையே முடிவாகக் கொள்ளத்தக்கது.