பேசக் கூடாத துணை

அமெரிக்காவின் சியாட்டலில் 1977-இல் நீதிபதி டேவிட் சூக்கப் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். வதைபட்ட பிள்ளையின் வழக்குக்கு ஒரு தொண்டூழியர். அவர் வீட்டுக்குப் போவார், ஆசிரியரிடம் விசாரிப்பார், பிள்ளைக்கு எது நல்லது என்று நீதிமன்றத்தில் சொல்வார். சிங்கப்பூரில் தொண்டூழியருக்கு வாய்த்தது ஏறக்குறைய நேர்மாறான வேலை.

2016-இல் போலிஸ் விசாரணைக்குப் பின் 14 வயது மாணவர் ஒருவர் இறந்தது பல கேள்விகளை எழுப்பியது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட சந்தேக நபரை விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற தொண்டூழியப் பெரியவர் உடனிருக்கும் திட்டம் 2017 ஏப்ரலில் தொடங்கியது. சிராங்கூன் சாலையில் கடையைச் சாத்திக்கொண்டிருப்பவரும் அந்தப் பெரியவராகலாம். பையன் கேள்வி புரியாமலே தலையாட்டுகிறானா, கை நடுங்குகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கவனித்து அதிகாரியிடம் சொல்வார். சட்ட ஆலோசனை தரமாட்டார். அவனுக்காகப் பதிலும் சொல்லமாட்டார். சாட்சிக் கூண்டேறும் பிள்ளைக்குத் துணையாக வருபவரும் சாட்சியத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

இந்த வாய்ப்பூட்டை நான் முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். அமெரிக்கத் தொண்டூழியர்களில் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள்; வழக்கில் சிக்கும் குடும்பங்களில் ஏழைகளும் கறுப்பினத்தவரும் மிகுதி. நல்ல மனத்தோடு வந்தவரே வறுமையைப் புறக்கணிப்பு என்று அறிக்கையில் எழுதிவிடலாம். நம் ஊரிலும் அந்த ஆபத்து உண்டு. ஜாலான் குக்கோவின் ஓரறை வாடகை வீட்டில் பாட்டியும் மூன்று பிள்ளைகளும் ஒரே மெத்தையில் படுத்திருக்க, அம்மா இரவு வேலைக்குப் போயிருந்தால், கொண்டோமினியத்திலிருந்து வருபவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்?

ஆனாலும் ஒரு முரண் உறுத்துகிறது. இளையர் நீதிமன்றத்தில் பராமரிப்பு, பாதுகாப்பு ஆணை கோருவது அமைச்சின் தரப்பு; குடும்ப நிலவரத்தைச் சொல்வதும் அதே தரப்பு. 2020 ஜூலையில் பாதுகாப்புக்கான வயது வரம்பை 18 ஆக்கினார்கள், நல்லதுதான். திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட பையனுக்குப் போலிஸ் நிலையத்தில் எத்தரப்பையும் சாராத ஒருவரைத் தரும் திட்டம், வீட்டைவிட்டுப் பிரிக்கப்படும் சிறுமிக்கு அப்படி ஒருவரைத் தருவதில்லை.

அவளுக்கு வேண்டியது தீர்ப்புச் சொல்லும் இன்னொரு பெரியவர் அன்று. வளர்ப்புக் குடும்பம் மாறினாலும் அதிகாரி மாறினாலும் மாறாத ஒருவர். தம் கருத்தை ஒதுக்கிவைத்து, அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே நீதிபதியிடம் எடுத்துரைப்பவர். மாதம் ஒரு சனிக்கிழமை என்று கணக்குப் பார்ப்பவர்களால் இது ஆகாது, ஆண்டுக்கணக்கில் நிற்பவர்கள் வேண்டும். அப்போதும் பயன் வழக்கு தொடங்கிய பிள்ளைகளுக்கு மட்டுமே. 2020-இல் 4 வயதில் கொல்லப்பட்ட மேகன் குங்கின் காயங்களைப் பாலர் பள்ளி முன்பே கவனித்திருந்தது. கவனிப்பதற்கும் காப்பாற்றுவதற்கும் இடையிலான அந்த இடைவெளி, நீதிமன்ற வாசலில் எத்தனை தொண்டூழியரை நிறுத்தினாலும் அடையாது.