சமைத்துப் பார்: அடுக்களையில் பிறந்த உரைநடை

தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் புதினத்தையும் சிறுகதையையும் கட்டுரையையும் கடித இலக்கியத்தையும் எடுத்துக்கொள்வர். சமையல் நூலை எடுத்துக்கொள்வதில்லை. அடுக்களையில் இருக்க வேண்டிய நூலுக்கு ஆய்வு எதற்கு என்று எண்ணுகின்றனர் போலும். பழந்தமிழர் அவ்வாறு எண்ணவில்லை. நல்லியக்கோடன் அளித்த விருந்தைப் புகழும் சிறுபாணாற்றுப்படை, வீமனின் மடைநூல் நெறியிலிருந்து வழுவாமல் ஆக்கிய உணவு என்றே அதனைச் சிறப்பிக்கின்றது. அடுதலுக்கு நூல் உண்டு, அந்நூலுக்கு நெறி உண்டு என்பது சங்கப் புலவர்க்கு உடன்பாடான கருத்தேயாகும்.

அந்நெறியை இருபதாம் நூற்றாண்டில் எளிய தமிழில் எழுதிக் காட்டியவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளமையிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைத் தாங்கி வாழ்ந்த அவ்வம்மையாரின் கைப்பக்குவத்தை அறிந்த உறவினர் பலர், செய்முறை கேட்டுக் கடிதம் எழுதுவர். அவரும் விடை எழுதுவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட நூலாகவே எழுதிவிடலாமே என்று உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கினார். அதன் பயனே 1951இல் வெளிவந்த 'சமைத்துப் பார்'. பின்னர் அது மேலும் பல பாகங்களாக விரிந்தது. 1968இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதனைக் காண அம்மையார் இல்லை. அவர் 1962இல் மறைந்தார். மணமாகிப் புகுந்த வீடு செல்லும் பெண்ணுக்குச் சீரோடு சீராக இந்நூலையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் ஏற்பட்டது. கடிதத்தில் தோன்றிய நூல் இஃது என்பதை மறவாமல் படித்தல் வேண்டும். தொலைவில் இருக்கும் ஒருத்திக்கு, அடுப்பருகே நின்று சொல்வதுபோல் எழுதிய நடை இதன் நடை.

நூலின் பெயரையே முதலில் நோக்கலாம். 'சமைத்துப் பார்' என்பதில் 'பார்' துணைவினை. முயன்று பார் என்னும் பொருளது. கண்ணால் காண் என்னும் முதல்வினைப் பொருளும் அதனூடே ஒலிக்கின்றது. 'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்' என்னும் பழமொழியின் ஓசையும் உடன் எழுகின்றது. அப்பழமொழி அச்சுறுத்துகின்றது, இந்நூற்பெயரோ அழைக்கின்றது. ஆங்கிலப் பதிப்புக்கு 'குக் அண்ட் சீ' என்று பெயரிட்டனர். சமைத்தலும் காண்டலும் அங்கு உண்டு, முயலுதல் மங்கிவிட்டது. துணைவினை கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிட்டாது.

செய்முறை கூறும் உரைநடைக்குத் தமிழின் வினையெச்சம் எத்துணைப் பொருத்தமானது என்பதை இத்தகைய நூல்களிற் காண்பதுபோல் வேறிடத்திற் காண்டல் அரிது. வறுத்து, ஆறவைத்து, பொடித்து, கரைத்து, கொதிக்கவைத்து, இறக்குக என்று ஒரே வாக்கியம் ஓடும்போது, எச்சங்கள் நிற்கும் வரிசையே வேலையின் வரிசையாகின்றது. மல்லியை வறுத்துப் பொடித்தலும் பொடித்து வறுத்தலும் ஒன்றாகா. பொடித்தபின் வறுத்தால் நொடியில் தீய்ந்துபோகும். எச்சம் இடம் மாறினால் இலக்கண வகுப்பில் ஒரு மதிப்பெண் போகும். அடுக்களையில் குழம்பே போகும்.

இரசம் நுரை கட்டி எழும்பும்போது இறக்கப்பெறவேண்டும். தளதளவெனக் கொதித்துவிட்டால் மணம் போய்விடும். அந்நொடியை நிமிடக் கணக்காற் கூற இயலாது. அடுப்பும் விறகும் பாத்திரமும் வீட்டுக்கு வீடு வேறுபடுவன. 'பச்சை வாசனை போனதும்', 'எண்ணெய் பிரிந்து வரும்போது' என்னும் தொடர்களே அடுக்களையின் கடிகாரம். கண்ணும் மூக்கும் காதும் அறிந்ததைச் சொல்லாக்குவது எளிய செயலன்று. கதை எழுதுவோர் பலர் இதில் தோற்றுப்போவர்.

'பதம்' என்பதைச் சொல் என்னும் பொருளில் மாணவர் அறிவர். பகுபதம், பகாப்பதம் என்று வகுப்பிற் பயில்வர். அடுக்களையில் அது பக்குவத்தைக் குறிக்கும். காய்ச்சும் பாகை இரு விரல்களுக்கிடையே வைத்துப் பிரித்தால் இழையாக நீள்வது கம்பிப் பதம். ஒரு துளியைத் தண்ணீரில் விட, கரையாமல் திரண்டு விரலால் உருட்ட வருவது உருட்டுப் பதம். அவ்வுருண்டையைத் தட்டிற் போட்டால் ஓசை எழுமாயின் அஃது இன்னும் முற்றிய பதம். வெப்பமானியின் வேலையை இச்சொற்கள் செய்துவந்துள்ளன. இவற்றை மறந்த வீட்டில் அதிரசம் கைகூடாது. கடையில்தான் வாங்க வேண்டும்.

கையால் அள்ளிப் போட்டுப் பழகியவற்றை ஆழாக்கு முதலிய அளவுகளிற் குறித்துக் கொடுத்ததும் அம்மையாரின் பெருமுயற்சியே. எட்டு ஆழாக்கு ஒரு படி. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மெட்ரிக் அளவை புகவே, அச்சொல் மெல்ல வழக்கிழந்தது. மலேசியக் கடைத்தெருவில் காட்டியும் தாயிலும் வழங்கின. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் இடத்திற்குக் கிலோவைக் கொணர்ந்தது. இவ்வளவைகளுக்கிடையே இல்லத்தரசியர் பலர் கைக்கொண்டது வெறும் பால் டின்னை. விகிதம் மாறாதவரை சமையலும் மாறவில்லை.

எனினும், 'சமைத்துப் பார்' தமிழர் சமையல் முழுமைக்கும் உரிய நூல் என்று போற்றுதல் பொருந்தாது. அது தமிழகப் பிராமணர் வீட்டு அடுப்பின் நூல். புலாலுக்கு அதில் இடமில்லை. தாம் அறிந்ததை மட்டும் எழுதியது ஆசிரியையின் நேர்மை. அதனையே முழுமை என்று கொண்டது படித்தோரின் பிழை. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழரிற் பெரும்பாலோரின் அடுப்பு வேறு. அவர்தம் கருவாட்டுக் குழம்பும், இம்மண்ணில் பெலாச்சானையும் பாண்டான் இலையையும் ஏற்றுக்கொண்ட புதிய சமையலும் பெரும்பகுதி ஏட்டில் ஏறாமலே பாட்டிமாரோடு மறைந்தன.

அண்டை வீட்டார் வாளாவிருக்கவில்லை. மறு ஆண்டிலேயே, 1952இல், சிங்கப்பூரில் எல்லிஸ் ஹேண்டி என்னும் யூரேசியப் பெண்மணி 'மை ஃபேவரிட் ரெசிப்பீஸ்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அவர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. நூலின் நோக்கம் பள்ளிக்கு நிதி திரட்டுதல். மீனாட்சி அம்மாள் ஓர் அடுப்பை ஆழமாக எழுதினார். ஹேண்டி அம்மையாரோ மலாய், சீன, இந்திய, யூரேசிய உணவுகளை அடுத்தடுத்து வைத்தார். யூரேசியர் திருநாட்களிற் சுடும் 'சூஜி கேக்' ஒன்றே அவர்தம் குடும்ப வரலாற்றைக் கூறிவிடும். மேனாட்டுக் கேக்கில் வெண்ணெயோடும் முட்டையோடும் வாதுமையோடும் கலந்திருப்பது இந்திய ரவை. 'சூஜி' என்னும் பெயரும் இந்தியப் பெயரே.

கேக் சுடுதல் எழுத்தை இன்னும் மிகுதியாக வேண்டும் கலை. குழம்பில் உப்புக் குறைந்தால் நடுவிலும் சேர்க்கலாம். சூட்டிற் புகுந்த மாவைச் சுவைத்துத் திருத்த வழியில்லை. ஆகவே முன்னரே நிறுத்தல் வேண்டும். முட்டைகளை நிறுத்து, அவ்வெடைக்கு எடை வெண்ணெயும் சீனியும் மாவும் கொள்ளும் பழைய கணக்கு அவ்வாறு எழுந்ததே. மலேசியத் தமிழ்ப் பெண்டிரும் தீபாவளிக்கு முறுக்கோடு கேக்கும் சுடக் கற்றனர். மேலும் கீழும் தணல் இட்டுச் சுட்டோரும் உண்டு. அளவுகளைப் பிள்ளைகளின் பழைய பள்ளி ஏடுகளில் தமிழில் எழுதி வைத்தனர். 'மேல் தணல் குறைவு, கீழ்த் தணல் அதிகம்' என்பது போன்ற குறிப்பு, எழுதியவளுக்கு முழு வாக்கியம், பிறர்க்கு விடுகதை. அவ்வேடுகளுட் சில இன்னும் வீடுகளில் உள்ளன. தமிழ் படியாத பேரப்பிள்ளைகளின் கையில் அவை வெறும் எண்ணெய்க் கறை படிந்த தாள்கள்.

விளக்கக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் ஆசிரியர், பாட்டியின் பலகாரம் ஒன்றை எழுதிவருமாறு மாணவரைப் பணிக்கலாம். 'கொஞ்சம் நெய்' என்று எழுதிவரும் மாணவனிடம் எவ்வளவு என்று கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அவன் பாட்டியிடம் கேட்பான்; பாட்டி உள்ளங்கையைக் குழித்துக் காட்டுவாள். அதனைத் தமிழில் எழுத அவன் எத்தனை முறை அடித்துத் திருத்த நேர்ந்தாலும், அவ்வளவும் பயிற்சியே.